ஆறாவது நிமிடம்

நோய்த்தொற்று பரவியதால், சிறையில் நெரிசலைக் குறைக்க முன்கூட்டியே விடப்பட்டவர்களில் தையல்காரரும் ஒருவர். பதினான்கு நாள் விடுதி அறையில் தனித்திருக்க வேண்டும். அதற்குள் தங்கப்போகும் வீட்டின் முகவரியைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருக்கும் எட்டு மாதமும் உள்ளேதான். இன்று பதின்மூன்றாம் நாள். படிவத்தை வாங்க அதிகாரி ஐந்து மணிக்கு வருகிறார். முகவரிக் கட்டம் காலி.

அவருக்கு வழிகாட்டியாக அனுப்பப்பட்டிருந்தவரும் பழைய கைதிதான். பூட்டை உடைத்து உள்ளே போனவர், வெளியே வந்து மூன்று வருடமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறார். தையல்காரரைவிடப் பத்து வயது இளையவர். அறை வாசலில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு, முகக்கவசத்துக்கு மேலே மூக்கு தெரிய உட்கார்ந்திருந்தார்.

"மூக்கை மூடு தம்பி. உள்ள நாலாயிரம் மாஸ்க் தைச்சவன் நான். பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு."

"என் மூக்கு இருக்கட்டும்ணே. அக்காவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

ஆறு வருடமாக அக்காவோடு பேசியதெல்லாம் சிறைப் போனில்தான். ஐந்து நிமிடம் ஆனதும் அது தானாகவே கட்டாகிவிடும். மாதம் ஒருமுறை நான்கரை நிமிடம் அக்கா திட்டுவார். மிச்ச அரை நிமிடத்தில் இவர் "சாப்பிட்டியாக்கா?" என்பார். பதில் வருவதற்குள் லைன் போய்விடும்.

இன்றும் அப்படித்தான். வெளியே வந்து பதின்மூன்று நாளாகியும் கூப்பிடவில்லை என்பதிலிருந்து அக்கா ஆரம்பித்தார். தையல்காரரின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. நான்கரை நிமிடத்தில் வாயைத் திறந்தார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

"நான் அங்க வர்றதா இல்லக்கா. எனக்கு இடத்துக்கா பஞ்சம்? கூப்பிட நாலு பேர் வரிசையில நிக்கிறாங்க. நீ சாப்பிட்டியா?"

ஐந்து நிமிடம் ஆனது. பழக்கதோஷத்தில் போனைக் கட்டிலில் வைத்துவிட்டார்.

"என்னண்ணே இது! யாரு அந்த நாலு பேர்?"

"நீ ஒருத்தன். மிச்ச மூணு பேரைத் தேடிக்கிட்டிருக்கேன்." கட்டிலில் உட்கார்ந்தார். "மாமா விடுற குறட்டையில அந்த வீட்டு ஜன்னலே ஆடும்டா. அதைக் கேட்டுக்கிட்டே ஒருநாள் தூங்கணும்னு ஆறு வருஷமா ஆசை. அக்கா வேணாம்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாது. அதான் முந்திக்கிட்டேன்."

பூட்டுக்காரர் கட்டிலைக் காட்டினார். போன் திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது நிமிடம்.

"அண்ணே, வெளியில போன் தானா கட்டாகாது."

"ஏண்டா," என்றது கட்டில், "என் வீட்டுக்காரர் குறட்டையா விடுறார்?"

வார்டரைக் கண்டதுபோல் தையல்காரர் விறைத்து எழுந்து நின்றார். "அக்கா... லைன்லயா இருக்க?"

"ஆறு வருஷமா பாதித் திட்டுலயே கட்டாகும். இன்னிக்கு ஆகலையேன்னு காதுலயே வச்சிருக்கேன். உக்காரு. மிச்சத்தையும் கேளு."

மிச்சம் ஒரு மணி பத்து நிமிடம். இவர் இல்லாமல் நடந்த கல்யாணம், ஒழுகிய கூரை, துருப்பிடித்த தையல் மிஷின் எல்லாம் வந்தன. நடுவில் ஒருமுறை இவர் கை சிவப்புப் பட்டன் பக்கம் போனது.

"தொட்டீங்கன்னா டேப்பைத் தாண்டி வந்துடுவேன்ணே," என்று பல்லைக் கடித்த பூட்டுக்காரர், பேட்டரி தீரப்போன சமயத்தில் தன் சார்ஜரை உள்ளே வீசினார்.

நாலே முக்காலுக்கு அக்கா மூச்சு வாங்கினார். "பேனா இருக்கா? எழுதிக்கோ." எப்போதோ மனப்பாடமான முகவரிதான். ஆனாலும் சொல்லச் சொல்லக் கதவு எண் முதல் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார் தையல்காரர்.

"வாசல்ல பக்கெட்டும் சோப்பும் இருக்கும். குளிச்சிட்டுத்தான் உள்ள கால் வைக்கணும். படுக்கை மாமா பக்கத்துல. ஆசை தீரக் கேளு."

"சரிக்கா." போனைப் பார்த்தார். அது கட்டாகவில்லை. "நீ சாப்பிட்டியா?"

"எங்கடா? உன்னைத் திட்டவே நேரம் சரியாப்போச்சு. இனிமேத்தான்."