பலகைக்கு இரண்டு பேர்

சகாயநாதன் எழுதிய கூலிப் பட்டியலைப் பார்த்து சூப்பிரண்டு ராசப்பன் பூரித்துப் போயிருந்தார். அவர் பூரிப்பது வருஷத்துக்கு ஒரு முறை நடந்தாலே அதிகம்.

அது 1964-ம் வருஷம், மாசி மாதம். எந்தத் தொழிலில் எத்தனை பேர், என்ன கூலி என்று கணக்கெடுக்கப் பாலக்கரையில் ஒரு மாடியைப் பிடித்துத் தற்காலிக ஆபீஸ் திறந்திருந்தார்கள். ஆபீஸைப் போலவே சகாயநாதனும் தற்காலிகம்தான். காவேரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடப் பாலம் என்று சைக்கிள் மிதித்து, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளையும் திருவெள்ளறை வயல்களையும் சுற்றிச் சுற்றி, இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

பட்டியலில் எல்லாம் சாதாரணம்தான். நடவுக்குப் போகும் பெண்களுக்கு ஒரு ரூபாய், ஆண்களுக்கு ஒன்றேமுக்கால். ஆனால் அரிசி ஆலைக் களத்தில் நெல் காய வைக்கும் பெண்களுக்கு இரண்டு ரூபாய்! ஆறு வருஷத்துக்கு முன் எடுத்த கணக்கில் அது எண்பது காசு. ராசப்பன் விடுவாரா? திருவெறும்பூர்ப் பக்கம் புதுத் தொழிற்சாலை எழும்புவதால் ஆள் கிடைக்காமல் கூலி எகிறிவிட்டது என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி டைப் அடித்து வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கலெக்டர் ஆபீஸில் கூலிக் குழு கூடுகிறது. எந்தத் தொழிலுக்குக் கூலியை உயர்த்துவது என்று அங்கேதான் முடிவு.

"அரிசி ஆலைப் பொம்பளைங்களுக்கு உயர்வே தேவையில்லை, அந்த வரியை அடிச்சிடலாம்" என்றார் ராசப்பன். "உன்னை நிரந்தரம் பண்றதுக்கும் எழுதியாச்சுய்யா. ஒரு படிவத்துல மட்டும் ஆலைக்காரங்க கையெழுத்து விட்டுப்போச்சு. போய் வாங்கிட்டு வந்துடு."

சனிக்கிழமை சாயங்காலம் சகாயநாதன் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை வீரமலை பெயரைக் கூப்பிட, களத்தில் நெல் காய வைக்கும் ராக்கம்மாள் வந்து ரிஜிஸ்தரில் ரேகை வைத்துப் பன்னிரண்டு ரூபாய் வாங்கினாள். ஆறு நாளுக்கு இரண்டிரண்டு ரூபாய், சரியான கணக்குதான். போன தடவை படிவத்தில் சகாயநாதன் எழுதியதும் அவள் சொன்ன வார்த்தையைத்தான். "உங்களுக்கு நாள் கூலி எவ்வளவும்மா?" என்று கேட்டார், "ரெண்டு ரூவாங்க" என்றாள்.

வாங்கிய கையோடு ராக்கம்மாள் களத்து மூலைக்குப் போனாள். அங்கே அவள் ஓரகத்தி அழகம்மாள் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். ஆறு ரூபாய் அந்த முந்தானைக்குப் போயிற்று. அடுத்து வந்தவளும் அதையேதான் செய்தாள், அதற்கடுத்தவளும்.

சகாயநாதன் வீரமலை பக்கம் திரும்பினார். "என்னங்க இது, எதுக்குப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கறாங்க?"

வீரமலை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நெல்லைக் கூட்டுற பலகையை ஒருத்தி கயிறு போட்டு இழுக்கணும், ஒருத்தி பின்னாலேருந்து தள்ளணும். ஒத்தை ஆளா ஓட்ட முடியுங்களா சார்? கூலி பலகைக்கு. ரேகையும் பலகைக்கு ஒண்ணு. எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான்."

ராக்கம்மாள் பொய் சொல்லவில்லை. மண்ணச்சநல்லூரில் களத்துக் கூலி என்றால் ஜோடிக்கு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத மனுஷர் ஒருவர் சைக்கிளில் வருவார் என்று அவள் கண்டாளா? சகாயநாதனும் ரிஜிஸ்தரில் பன்னிரண்டு ரேகையை எண்ணி, பன்னிரண்டு பெண்கள் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இழுத்தவர்கள் கணக்கில் இருந்தார்கள், தள்ளிய பன்னிரண்டு பேர் இல்லவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது மனைவி பாக்கியமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு ஏழாம் மாதம். நிரந்தர வேலை என்ற பேச்சு வந்ததிலிருந்து தொட்டில் வாங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள்.

"ஒரு ரூவாய ரெண்டுன்னு எழுதி வச்சிட்டு, போய் முழங்கால் போட்டு நன்மை வாங்குவீங்களா?" என்றாள்.

அன்று பூசையில் சாமியார் அப்பம் கொடுத்தபோது அவர் போய் நன்மை வாங்கவில்லை.

திங்கட்கிழமை ராசப்பன் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என் விளக்கம்?" என்பதுதான் முதல் கேள்வி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரிஜிஸ்தர்ல பன்னிரண்டு பேர். நீ இருபத்து நாலுங்கிற. யாருய்யா நம்புவா? தப்பா எழுதினேன்னு நீயே ஒத்துக்கிட்டா உன்னை எப்படி நிரந்தரம் பண்றது? பேசாம போய் உட்காரு."

"ரேகை கொண்டாந்தா நம்புவீங்களா சார்?"

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள கொண்டா, பார்ப்போம்."

பகல் வெயிலில் மறுபடியும் இரண்டு பாலமும் தாண்டினார். பெண்கள் களத்தோரத்து வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரிஜிஸ்தரில் இல்லாதவர்கள் பெயரைச் சொல்லி ரேகை வைக்க வேண்டும் என்றதும் ராக்கம்மாள் தூக்குவாளியை ஓரமாக வைத்தாள்.

"சர்க்கார் காகிதத்துல ரேகை வச்சா மொதலாளி நாளைக்கே நிறுத்திடுவாருங்க. அப்புறம் நீங்களா வந்து கஞ்சி ஊத்துவீங்க?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினார்.

"நிறுத்தினாலும் நிறுத்துவாரும்மா. எனக்கும் வேலை போகலாம். ஆனா நான் எழுதினது அப்படியே போச்சுன்னா, உங்களுக்குக் காசு ஏறாது. தப்பு என்னுது. உங்ககிட்ட கேட்காம இதைத் திருத்த முடியல."

அழகம்மாள்தான் முதலில் எழுந்தாள். கஞ்சிக் கையைக் குழாயடியில் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பதினோரு வருசமாத் தள்ளுறேன். எழுதுங்க" என்று கட்டை விரலை நீட்டினாள்.

ஒருத்தி வைத்ததும் மற்றவர்கள் வந்தார்கள். பன்னிரண்டாவது ரேகை விழும்போது வீரமலை களத்துக்கு வந்துவிட்டார். பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார். நல்ல மனுஷர்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள் ரேகைகளைக் கொண்டுபோய் வைத்தார்; பட்டியல் திருத்திக் குழுவுக்குப் போயிற்று. ராசப்பன் தன் விளக்கத்தைக் கிழித்துப் போட்டார், சகாயநாதனை நிரந்தரமாக்கும் காகிதத்தையும் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று எழுதி மூட்டையில் கட்டினார். பாக்கியமேரி பழைய புடவையில் ஏணை கட்டிக்கொள்ளலாம் என்றாள்.

வைகாசியில் உத்தரவு வந்தது: களத்துப் பெண்களுக்குத் தலைக்கு ஒன்றேகால் ரூபாய், ஒவ்வொருவர் பெயரும் ரிஜிஸ்தரில் ஏற வேண்டும். முதலாளி குதித்துப் பார்த்தார், இரண்டு பலகையைக் குறைப்பேன் என்றார். நெல் மலையாகக் கிடந்ததால் அந்த மாதம் குறைக்கவில்லை. அடுத்த மாதக் கதை யாருக்குத் தெரியும்?

உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க முதல் சனிக்கிழமை சகாயநாதனைத்தான் அனுப்பினார்கள். ராக்கம்மாள் தன் ஏழு ரூபாய் ஐம்பது காசை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"அழகம்மா!" என்று கூப்பிட்டார் வீரமலை.

யாரும் வரவில்லை. அழகம்மாள் வழக்கம் போலக் களத்து மூலையில் முந்தானையை விரித்தபடி, ராக்கம்மாள் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் அவள் பெயரை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

"போடி, உன்னத்தான் கூப்பிடுறாங்க" என்று ராக்கம்மாள் அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.