நாமக்கோழியின் ஒப்புதல்

பிளெஸ் கையில் ஏறிவிட்டால் வீட்ஸ்கே அந்த அறையில் இல்லை. ஹில்வர்சம் நகரில் இருந்த எங்கள் குழந்தைகள் தொலைக்காட்சியில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் காப்பி இயந்திரம் எங்கே என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டார்கள். பிளெஸ் ஒரு பொம்மை: கறுப்புக் கம்பளியில் தைத்த நாமக்கோழி, நெற்றியில் வெள்ளைத் தோல் ஒட்டு, ஒரு கண் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. அதற்குக் கையும் குரலும் கொடுத்தவர் வீட்ஸ்கே. பொம்மை கையில் இருக்கும்வரை எதைச் சொல்வதானாலும் பிளெஸிடம்தான் சொல்ல வேண்டும். பதிலும் அதன் கரகரத்த குரலில்தான் வரும்.

'ஸ்லோட்', அதாவது வாய்க்கால், என்ற எங்கள் அலைவரிசை 1987இல் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் தொடங்கியது. கேபிளில் எங்களுக்குக் கிடைத்தது பகல் நேரம் மட்டுமே. மாலை ஏழு மணிக்கு அதே எண்ணில் பெரியவர்களுக்கான திரைப்படங்கள் வந்துவிடும். ஆகவே ஏழடிக்கும்போது பிளெஸ் அரங்கிலிருந்த அட்டை வாய்க்காலில் குதித்து மறைய வேண்டும். ஒருநாள் அது குதிக்க மறுத்து, நாற்பது நொடி இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துப்பறியும் படத்தின் தொடக்கத்தில் வரும் கொலைக் காட்சி பார்வையாளர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. புகார்க் கடிதங்களுக்குப் பிளெஸே பதில் எழுதியது: "கொன்னது தோட்டக்காரன். இனிமே நிம்மதியா தூங்குங்க." பின்னர் எல்லை தாண்டி ஃபிளாண்டர்ஸிலும் நாங்கள் தெரியத் தொடங்கியபோது, பறவைக்கு மரியாதை தெரியவில்லை என்று அங்குள்ள ஆன்ட்வெர்ப் நகரத் தாய்மார்கள் எழுதினார்கள். அவர்களுக்காக ஒரு வாரம் எல்லோருக்கும் நன்றி சொன்ன பிளெஸ், எட்டாம் நாள் பழைய பிளெஸாயிற்று. கூட்டக் குறிப்பெழுதுவது என் வேலை. வருகை தந்தோர் பட்டியலில் பிளெஸின் பெயர் எப்போதும் உண்டு. வீட்ஸ்கேயின் பெயர் ஒருமுறைகூட இடம்பெற்றதில்லை.

2006இல் ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்கியது. கம்பளிப் பறவைக்குப் பதிலாகக் கணினியில் வரைந்த பறவை வரும் என்பதும், வீட்ஸ்கேயின் வேலை போகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன, அவருக்கும் தெரிந்திருந்தன. திங்கட்கிழமை காலையில் அவர் வலக்கையில் பிளெஸை மாட்டிக்கொண்டே, அதன் அலகால் மணியடித்தபடி, சைக்கிளில் வந்து இறங்கினார். அதன்பின் அதைக் கழற்றவில்லை.

செய்தியைச் சொல்ல வேண்டியவர் இயக்குநர் ரோம்பவுட். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கெட்டதைச் சொல்ல வராத மனிதர். மூன்று நாள் நடைக்கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். புதன்கிழமை மதிய உணவின்போது துணிந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பிளெஸ், வீட்ஸ்கே எப்போ வருவாங்க?"

"ஏன்யா, நான் போதாதா?"

"ஒரு விஷயம் பேசணும்."

"பேசேன். ஆனா வாயில ரொட்டிய வெச்சுக்கிட்டுப் பேசாத, என் இறகு மேலெல்லாம் தெறிக்குது."

வீட்ஸ்கே இடக்கையிலிருந்த சீஸ் ரொட்டியைக் கடித்தார். அவர் மென்று விழுங்கும்வரை பிளெஸ் ரோம்பவுட்டை முறைத்துக்கொண்டிருந்தது. ரோம்பவுட் எழுந்து போனார்.

வியாழக்கிழமை புதிய நிறுவனத்தின் ஆள் லீவன் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்தார். வீட்ஸ்கேயின் ஒப்புதல் கூட்டக் குறிப்பில் பதிவாகிவிட்டால் வழக்கு வம்பில்லாமல் முடியும் என்பது அவருடைய திட்டம். காப்பி வந்தது. பிஸ்கட் டப்பா ஆளுக்கு ஒன்று என்று சுற்றி வந்தது; பிளெஸ் மட்டும் இரண்டு எடுத்தது.

"மேடம், உங்க வேலை விஷயமா..." என்று தொடங்கினார் லீவன்.

இரண்டு பேர் இருமினார்கள். ரோம்பவுட் அவர் காதருகே குனிந்தார். "கொஞ்சம் கீழ பாருங்க. அவன்கிட்ட பேசுங்க."

லீவன் கீழே பார்த்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "வணக்கம்."

"பாருங்கடா, மரியாதை தெரிஞ்ச மனுஷன்! இந்தக் கூட்டத்துல முதல் ஆளு."

லீவன் கெட்டிக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். "உங்கள அருங்காட்சியகத்துல வைக்கலாம்னு இருக்கோம்."

அலகு திறந்தது. "கண்ணாடிப் பெட்டியிலயா?"

"ஆமா. தனி விளக்கோட."

"பக்கத்துல வேற பொம்மை ஏதாச்சும்?"

"நீங்க மட்டுந்தான்."

"பேரு?"

"தங்க எழுத்துல."

பிளெஸை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓர் அதிமதுர மிட்டாய்க்காகத் தன் கூட்டையே விற்கும் பறவை அது. அப்படித்தான் பத்தொன்பது ஆண்டுகளாக நாட்டுக் குழந்தைகள் அதை அறிந்திருந்தார்கள். அப்படி அதை வளர்த்தவர் வீட்ஸ்கே. இப்போது அதன் வாயில் வேறொரு பதிலை வைத்தால் அது பிளெஸாக இருக்காது. முதன்முறையாக அவர் தன் வலக்கையை அச்சத்தோடு பார்ப்பதைக் கண்டேன்.

"நாளைக்கே வெச்சிருங்க!" என்றது பிளெஸ்.

ரோம்பவுட் மூச்சுவிட்டார், பின்பு அதற்காக வெட்கப்பட்டவர்போல் தன் காப்பிக்குள் பார்த்தார். 'பிளெஸ் ஒப்புக்கொண்டது' என்று எழுதினேன். என் பேனா நன்றாக எழுதியது, அதுதான் வருத்தம்.

கூட்டம் முடியும்முன் வேறு ஏதாவது உண்டா என்று வரிசையாக எல்லோரையும் கேட்பது எங்கள் வழக்கம். எல்லோரும் இல்லை என்றார்கள். முறை பிளெஸுக்கு வந்தது.

"எனக்கென்ன? அந்தப் பெட்டிக்குள்ள மிட்டாய் கிடைக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"எனக்கு இருக்கு," என்றது இன்னொரு குரல்.

கரகரப்பில்லாத, தாழ்ந்த குரல். பிளெஸின் அலகு திறந்தபடியே நின்றது.

லீவன் ரோம்பவுட்டின் பக்கம் சாய்ந்தார். "இப்போ நான் யாரப் பாக்கணும்?"

ரோம்பவுட்டுக்குத் தெரியவில்லை.

"என்னைப் பாருங்க," என்றார் வீட்ஸ்கே, பொம்மையைக் கழற்றாமலே. "இவன் பொறந்ததுலேருந்தே இப்படித்தான், ரெண்டு மிட்டாய்க்கு விலைபோயிடுவான். அவன் சம்மதம் அவனோட. நான் சம்மதிக்கல." பிறகு என்னிடம் திரும்பினார். "எழுதிக்கோ. அதுக்கு முன்னாடி பக்கத்தோட மேல போய், வந்தவங்க பட்டியல்ல என் பேரச் சேரு."