அடியில் பேரில்லாத சுவரொட்டி

கிழக்கு வெளுக்கத் தொடங்கும்போதே அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டது. மை நெடி தொண்டையைக் கரித்தது. இயந்திரம் துப்பும் ஈரத் தாள்களை அள்ளித் தட்டி, விளிம்பு சேர்த்து அடுக்குவது அக்காவின் வேலை. அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மகளுக்குக் காய்ச்சல் என்று நேற்று வரவில்லை. தேர்தல் நேரம், இன்று இடுப்பு ஒடிந்துவிடும்.

முதல் அடுக்கை அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். தாளில் அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே சிவப்பில்: 'எதிரணிக் குண்டர்கள் வெட்டிக் கொன்ற எங்கள் தொண்டன். ஓட்டால் பதில் சொல்வோம்!'

அவனை யாரும் வெட்டவில்லை. போன வருஷம் நான்காம் மாடியில் பூச்சு வேலை செய்தபோது சாரம் சரிந்து விழுந்து செத்தான். உளுத்த கழிகளை மாற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டிருந்தான். கட்டடம் இந்தச் சுவரொட்டியை அடிக்கக் கொடுத்த வேட்பாளருடையது.

"அண்ணே, மெஷின நிறுத்துங்க."

மெஷின்காரர் தாளைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

"நேத்தே ரெண்டு கட்டு போயிடுச்சும்மா. கலர் சரியா விழுதான்னுதான் பார்த்தேன். முகத்தப் பாக்கல," என்றார்.

சத்தம் நின்றதும் முதலாளி ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு? எட்டு மணிக்கு வண்டி வருது!"

"இது பொய்ங்க," என்றாள் அக்கா. "இவரு எப்படிச் செத்தாருன்னு உங்களுக்கே தெரியும். சாவுக்கு வந்தீங்களே."

முதலாளி கண்ணைத் தாழ்த்தினார். "எழுதினது நான் இல்லம்மா. அச்சடிக்கிறது மட்டும்தான் நம்ம வேலை."

"அப்ப சட்டப்படி அச்சகத்துப் பேர அடியில போட வேண்டியதுதானே?"

"அவங்க வேணாம்னாங்க."

"சொல்றவன் பேரும் இல்ல, அடிக்கிறவன் பேரும் இல்ல. செத்தவரு முகம் மட்டும் வேணுமா? எம் பொண்ணு பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் இது இருக்கும். அப்பா விழுந்து செத்தாருன்னு நான் சொன்னத அவ இனி நம்புவாளா?"

"இஷ்டமில்லாதவங்க கிளம்பலாம். ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?"

மெஷின்காரர் அச்சுத் தகட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தாள் வெட்டும் பிரிவுப் பெண்கள் இருவரும் கை துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்கள். நால்வரும் வாசலில் உட்கார்ந்து தேர்தல் அதிகாரிக்குப் புகார் எழுதினார்கள்.

"யார் அச்சடிச்சதுன்னு கேப்பாங்களே?" என்றாள் ஒருத்தி.

"நான்தான்னு எழுது," என்றார் மெஷின்காரர். "உள்ள வச்சாலும் பரவாயில்ல."

"நாங்களும்தான். நாலு பேரையும் எழுது."

புகாரோடு கிளம்பியபோது, தெருச் சுவர் நெடுக நேற்றைய சுவரொட்டிகளில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பசை இன்னும் காயவில்லை. அக்கா அதைப் பார்த்து நின்றாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி புகார்த் தாளை வாங்கிக்கொண்டாள். அந்த முகங்களைக் கடந்து நால்வரும் தேர்தல் அலுவலகத்துக்கு நடந்தார்கள்.