நாலும் நாலும் ரெண்டு

உலகத்தில் யார் வேண்டுமானாலும் முன்னுக்கு வரட்டும், சகலை மட்டும் வந்துவிடக் கூடாது. பெரிய சகலை இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல அவசியமும் இல்லை. சின்ன சகலை என்ற பேச்சு எழுந்தாலே அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும்.

பன்னிரண்டு வருஷமாக ஒரு இசைக்குழுவில் பேஸ் கிடார் அவர்தான். போன வருஷம் அவர் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் வந்து சேர்ந்தான். வந்தவன் புல்லாங்குழல், வயலின் என்று எதையாவது வாசித்துத் தொலைத்திருக்கலாம். அவனும் பேஸ் கிடார், அதுவும் அதே குழுவில்.

மாமியாருக்கு அவன் சொக்கத்தங்கம். பெரிய சகலையின் சொந்த மகளே, சித்தப்பா வாசித்தால் ஜன்னல் அதிர்கிறது என்று பெருமை பேசினாள். "அவர் வயசுல நீங்களும் இப்படித்தானே வாசிச்சீங்க" என்று மனைவி ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதல்தான் அதிகம் வலித்தது.

போதாததற்கு, குழுவை நடத்தும் கீபோர்டு மாஸ்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சனிக்கிழமை பெரிய கச்சேரி, மேடையில் ஒரு பேஸுக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் வாசித்துக் காட்டட்டும், ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்றார். நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு பேருக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர். குழுவின் பழைய ஆம்ப்ளிஃபையர் இருமிக்கொண்டிருந்ததால், சின்ன சகலை ஆசை ஆசையாக வாங்கியிருந்ததைக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

"என்னோடதுலயே வாசிங்க சகலை. உங்க கைக்கு அது இன்னும் நல்லாப் பேசும்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. எப்போது பார்த்தாலும் அந்தச் சிரிப்பு ஒன்று.

வெள்ளிக்கிழமை பெரிய சகலை அரைமணி முன்னதாகவே போய்விட்டார். டயர் கடைக்கு மேலே ஒத்திகை அறை. படியேறும்போதே ரப்பர் வாடை. அறையில் யாரும் இல்லை. சின்ன சகலை தன் ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். மூலையில் பெரிய சகலையின் சொந்த ஸ்பீக்கர் பெட்டி, பன்னிரண்டு வருஷக் கீறல்களோடு நின்றது.

அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை. முழுக்க முழுக்க அவன் பொருளில் வாசித்து ஜெயித்தால், பேர் அந்தப் பொருளுக்குப் போய்விடும். நம் பெட்டியும் சேர்ந்து ஒலித்தால் என்ன? சத்தமும் இரட்டிப்பு, மானமும் மிஞ்சும்.

முரட்டுத்தனமாக எதுவும் செய்துவிடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆம்ப்ளிஃபையரின் முதுகைப் படித்தார். பெட்டியின் மின்தடை நாலு ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. அவன் பெட்டி நாலு ஓம். இவர் பெட்டியும் நாலு ஓம். நாலும் நாலும் எட்டு. எட்டு நாலைவிடப் பெரிசு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஒருநாளும் கோட்டை விடாதவர் அவர். அவன் பெட்டியின் பின்னால் காலியாக இருந்த துளையில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையைத் தன் பெட்டியில் கோத்தார்.

எல்லாரும் வந்ததும் அவர்தான் முதலில் வாசித்தார். என்ன ஒரு சத்தம்! தரை வழியாக ஏறி முழங்காலைத் தொட்டது. மாஸ்டர் கண்ணை மூடித் தலையாட்டினார். சின்ன சகலை கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அவன் முகம் வாட வேண்டுமே என்று பெரிய சகலை இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினார்.

மூன்றாவது பாட்டில் கருகின வாடை வந்தது. டயர் கடைதான் என்று நினைத்து வாசித்தார். பிறகு படக்கென்று ஒரு சத்தம். ஆம்ப்ளிஃபையரின் விளக்கு அணைந்தது. மேல்மூடியின் இடுக்கு வழியாக மெல்லிசாகப் புகை.

அடுத்த தெரு ரேடியோ மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தவர், ஒயரைப் பின்தொடர்ந்துபோய் இரண்டாவது பெட்டியில் நின்றார்.

"இது யாரு போட்ட கணக்கு? இப்படிப் பக்கத்துல பக்கத்துல கோத்தா நாலும் நாலும் எட்டு இல்லீங்க, ரெண்டு. ஒரு மூட்டை தூக்குறவன் தலையில ரெண்டு மூட்டையை வெச்சு ஓடச் சொன்னா, எவ்வளவு தூரம் ஓடுவான்?"

பெரிய சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாமல் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? பொறாமையில் வயிறு எரிந்தவன் ஆம்ப்ளிஃபையரையும் எரித்தான் என்றுதானே சொல்வார்கள். மாஸ்டரின் பார்வை அவர் பக்கம் திரும்பியது.

"நான்தான் மாஸ்டர். சத்தம் கூட வரட்டும்னு கோத்துவிட்டேன்" என்றான் சின்ன சகலை.

மாஸ்டர் உச்சுக்கொட்டினார். சொந்த ஆம்ப்ளிஃபையரையே தெரிந்து வைத்திருக்காதவனை நம்பி மேடை ஏறமுடியாது, நாளைக்குப் பெரிய சகலைதான் என்று அங்கேயே முடிவு சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஓரக்கண்ணால் இவரைப் பார்த்து, போகட்டும் விடுங்க என்பதுபோல் அதே சிரிப்பு.

இடம் கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் என்றைக்காவது உண்மை வெளியே வரும். மாமியார் அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவார். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள், பெருமூச்சு மட்டும் விடுவாள். அவன் போட்ட பிச்சையில் மேடை ஏறியவர் என்ற பட்டம் இவருக்குக் காலத்துக்கும். வாசிப்பும் அவனுக்கு, மாமியாரும் அவனுக்கு, இப்போது தியாகமும் அவனுக்கா?

"பொய் சொல்றான் மாஸ்டர். கோத்தது நான். தெரியாமத்தான் கோத்தேன். நம்பினா நம்புங்க. ஆனா எரிச்சது நான்தான்" என்றார், ஏதோ பரிசைக் கேட்டு வாங்குகிறவர்போல.

மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியானால் நாளைக்குச் சின்னவரே வாசிக்கட்டும், இருமினாலும் பரவாயில்லை, பழைய ஆம்ப்ளிஃபையரே போதும் என்று எழுந்து போய்விட்டார்.

படி இறங்கும்போது சின்ன சகலை பெரியவரின் தோளைப் பிடித்து நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது.

"ஏன் சகலை, உங்களுக்கு ஒரு நல்லது செய்யக்கூட விடமாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றார் பெரிய சகலை.

அவன் முகத்தில் சிரிப்பைக் காணோம். கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை. இடம் போன வருத்தம் இருந்தாலும், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெரிய சகலைக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது.