எதிரி வீட்டு நிழல்

பெரணிச் செடி வெறும் இலைதான்; பூக்காது, காய்க்காது, கறிக்கும் ஆகாது. விழிதியூரில் அதைக் கட்டிக்கொண்டு அழுத ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்தான். எழுபத்தேழில் ஏற்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், ஆறு கன்றுகளை ஈரச்சாக்கில் சுருட்டிக்கொண்டு வந்தார். நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது என்றேன். கெட்டிச் செடி, நிழல் மட்டும் இருந்தால் போதும் என்றார்.

நிழல் இருந்தது. ஆனால் அது பக்கத்து வீட்டுச் சிதம்பரநாதனுடையது. அவருடைய மாமரம் எங்கள் கொல்லைக்குள் ஒரு பெரிய கிளையை நீட்டியிருந்தது. சருகு எங்கள் கிணற்றில் விழுகிறது என்று சண்டை வந்து, இரண்டு பேருக்கும் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. கிளையை வெட்டச் சொல்லி என் வீட்டுக்காரர் பஞ்சாயத்து ஆபீசில் மனுவே கொடுத்திருந்தார். இப்போது அதே சருகைக் கூடையில் பொறுக்கி, மக்கவைத்து, செங்கல் தூளோடு கலந்து பெரணிக்குப் போட்டார். காலையும் மாலையும் இலைமேல் தண்ணீர் தெளித்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஒரு ஈரத்துணி போட்டதில்லை இந்த மனிதர்.

எழுபத்தொன்பது சித்திரையில் அந்தப் பழைய மனுவுக்கு உயிர் வந்தது. இரண்டு ஆட்கள் ரம்பமும் கயிறுமாக வந்து நின்றார்கள். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கிளை போனால் அக்கினி நட்சத்திரத்தில் பெரணி ஒரு வாரம் தாங்காது. வெட்ட வேண்டாமென்று இவர் கெஞ்சினால் போதும், சிதம்பரநாதன் மரத்தையே அடியோடு சாய்த்துவிடுவார். அவ்வளவு நல்ல மனசு.

நான் வேலியோரம் போய், நல்ல காலம் பிறந்தது, இனிமேல் வடாம் காயும் என்று அந்த ஆட்களிடம், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். இவரும் புரிந்துகொண்டு, சீக்கிரம் வெட்டச் சொல்லிக் குதித்தார். சிதம்பரநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை இவர் வேலியோரம் நின்று மரத்தைத் திட்டுவார். சிதம்பரநாதன் வீம்புக்கு அதற்குப் புண்ணாக்கு வைப்பார். நிழல் கெட்டிப்பட்டது, பெரணி முழங்கால் உயரம் வந்தது. எனக்கும் அந்தச் சனியன்கள்மேல் ஆசை வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

எண்பத்திரண்டு வைகாசியில் இவருக்கு டைபாய்டு. பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம், வீடு பூட்டிக் கிடந்தது. செடிகள் செத்திருக்கும் என்று இவர் வழியெல்லாம் புலம்பினார். வந்து இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். ஆறும் பச்சையாக நின்றன. தரை ஈரமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சிதம்பரநாதன் வாளியும் சொம்புமாக நின்றார். ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"நிழலு போனா இதுங்க செத்துடும்னு தெரியாமலா அன்னைக்கு மரத்தக் கட்டிப்புடிச்சேன்? நீங்க திட்டி நாளாச்சு. திட்டுங்க, புண்ணாக்கு ஊறவச்சிருக்கேன்."

இவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.