கை கொடுக்கப் போனவள்

என் பெண்டாட்டி தவமலர் காலை ஏழு மணியிலிருந்து கடலில் அலைச்சறுக்குப் பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு அலைகூடப் பிடிக்கவில்லை. தண்ணீரில் நாற்பது பேர் இருப்பார்கள். கோலாலம்பூர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள், குவாந்தான் பக்கத்து மலாய்ப் பிள்ளைகள். நல்ல அலை தலை தூக்கினால் அத்தனை பேரும் கையால் துழாவிக்கொண்டு பாய்ந்தார்கள். இவள் மட்டும் கல்யாணப் பந்தியில் இடம் கேட்கக் கூச்சப்படுகிறவளைப் போல ஒதுங்கி வழிவிட்டாள். நான் கரை மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைமேல் ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள். தோட்டத்து ஆட்களோடு இந்தக் கடற்கரைக்குச் சுற்றுலா வந்தபோது ஒருநாள் பலகையில் படுத்துப் பார்த்தாள், போச்சு. எழுந்து நின்றபடி ஒரே ஒரு அலையில் கரைவரைக்கும் வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. இந்தக் கரையில் மழைக்காலத்தில்தான் அலை. போன இரண்டு தடவையும் நாங்கள் வந்த நேரம் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அடுத்த மாதம் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன். அதோடு பலகையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை விடிந்தால் தோட்டத்துப் பெரட்டில் ஆள் கணக்குக்கு நிற்க வேண்டும். இன்றைக்கு விட்டால் கிடையாது.

பத்து மணிக்கு ஒருவழியாகத் துழாவ ஆரம்பித்தாள். அப்பாடா என்று எழுந்தேன். பார்த்தால் அது அவள் அலையே இல்லை. முன்பே அதில் ஏறிய ஒரு மலாய்ப் பெண் நிற்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள். எங்கள் தோட்டத்தில் தன் நிரையை, அதாவது தன் செடி வரிசையை, முடித்தவள், பின்தங்கியவளின் நிரையில் இறங்கி நாலு செடியில் கொழுந்து வெட்டிக் கொடுப்பாள். கை கொடுப்பது என்போம். கடலிலோ அடுத்தவர் அலையில் இறங்குவதைவிடப் பெரிய குற்றம் இல்லையாம். பலகைகள் மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் சுற்றியிருந்த அத்தனை பேரும் இவளைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கரையேறினாள்.

"அந்தப் பிள்ள விழப் போச்சுங்க. கை குடுக்கலாம்னுதான் போனேன். போதும், கெளம்பலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபது வருஷமாக இவள் கை கொடுத்தேதான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவுக்கு, என் தங்கச்சிக்கு, லோரி ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிப் படுக்கிற எனக்கு.

"ஒரே ஒரு தடவ உனக்காக மட்டும் போ லா, மலரு."

பலகையை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள்.

அரைமணி நேரம் கழித்து ஒரு அலை வந்தது. பக்கத்தில் ஒருவனும் துழாவினான். இந்தத் தடவை அவள் ஒதுங்கவில்லை, அவன்தான் துழாவுவதை நிறுத்திவிட்டான். முதலில் ஒரு கால், அப்புறம் வலிக்கிற கால். நின்றுவிட்டாள். நான் இரண்டு கையையும் ஆட்டி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முகத்தில் முடி ஒட்டியிருக்க, வாய் திறந்தபடி கரையோரமாக என்னைத் தாண்டிப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். பலகையைத் திருப்பிக்கொண்டு, நொண்டியபடியே மறுபடி கடலுக்குள் நடந்தாள்.