அசைத்து எடுத்த படம்

காலைச் சாப்பாட்டு மேசையில் கேமராவை வைத்துவிட்டு விருந்தாளி கை கழுவப் போன நேரத்தில்தான் சஃபினாஸ் அதை எட்டிப் பார்த்தாள். திரையில் மரமே இல்லை. மஞ்சளும் செம்பும் கறுப்புமாக, ஈரச் சுவரை யாரோ துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி கோடுகள். ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கேமராவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விலகி நின்றாள்.

அவள் ஊரான அக்பினாருக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் அவளுக்குப் புதிதில்லை. கஸ்தமோனு மலையில் கயின் மரங்களின் இலைகள் பழுக்க ஆரம்பித்தால் போதும், அங்காராவிலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவள் வீட்டு மாடி அறையில் தங்கி, சாயங்காலம் அடுப்போரம் உட்கார்ந்து, "பாருங்க, இலை நரம்புகூடத் தெரியுது" என்று காட்டிக் காட்டிப் பீற்றிக்கொள்வார்கள். அங்காராவிலிருந்து அரைநாள் கார் ஓட்டி வந்து, பனியில் நின்று, ஒன்றுமே தெரியாத படம் எடுப்பவரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். பெல்கின் என்கிற அந்த அம்மா பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். இருக்கட்டும். பல் டாக்டருக்குக் கை நடுங்குமா?

அவரை இங்கே தங்க அனுப்பியது ஹஜெர். சஃபினாஸின் புருஷன் துர்சுனின் தங்கை, சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவள். காரணமில்லாமல் ஹஜெர் ஒரு காரியம் செய்து சஃபினாஸ் கண்டதில்லை.

"அந்தம்மா போட்டோ எடுக்க வரல," என்றாள் புருஷனிடம். "எடுத்ததை மறைக்கத்தான் இந்த அழிச்ச படமெல்லாம். வேற எதையோ வேவு பாக்குறாங்க."

மரம் ஏற்றும் லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த துர்சுன், குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். "எதை வேவு பாப்பாங்க? உன் மாட்டையா?"

"என் இடத்தை."

கயிறு கட்டிய கை ஒரு கணம் நின்றது. "சும்மா இரு சஃபினாஸ். காளான் காளான்னு உனக்குப் பைத்தியமே பிடிச்சிருச்சு," என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவள் சொன்ன இடம், ஊற்றுக்குக் கீழே, பைன் மரங்கள் முடிந்து கயின் சரிவு தொடங்குகிற விளிம்பு. முதல் மழைக்குப் பிறகு அங்கே சருகைத் தள்ளினால் கன்லிஜா காளான் ஆரஞ்சு நிறத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வெட்டினால் ரத்தம் போலச் செம்பால் கசியும். வெண்ணெயில் வதக்கி உப்புப் போட்டால் அக்பினாரில் யாரும் இறைச்சியைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நகைப் பெட்டியைக்கூடத் திறந்து காட்டுவார்கள், கன்லிஜா முளைக்கிற இடத்தை மட்டும் கூடப்பிறந்தவருக்கும் காட்டமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் சில வருஷமாக யாரோ கத்தி வைத்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். புதுசாக அறுத்த தண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் சஃபினாஸுக்கு ஊரே திருட்டு ஊராகத் தெரிந்தது. இமாமின் பெண்டாட்டியை, ஆடு மேய்க்கிற ஷாபானை, கிராமத் தலைவரை என்று வரிசையாக ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தாள். மிச்சம் இருந்தது வெளியூர்க்காரர்கள்தான்.

மறுநாள் பெல்கின் காட்டுக்குக் கிளம்பியதும், கூடையை எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் போனாள்.

பனி இறங்கியிருந்தது. பெல்கின் ஊற்றைத் தாண்டி, கீழே, நேராக அந்தச் சரிவுக்கே போனார். சஃபினாஸ் ஒரு தடித்த மரத்தின் பின்னால் நின்றுகொண்டாள். பெல்கின் காலை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்து, கேமராவை இடுப்பிலிருந்து நெற்றிவரை மெல்ல உயர்த்தினார். திரையைப் பார்த்து "ச்" என்றார். மறுபடி உயர்த்தினார். மறுபடி "ச்". அப்புறம் பக்கவாட்டில் இழுத்தார். ஒரு தரம் கேமராவைக் குழந்தையின் கிலுகிலுப்பையைப் போல லேசாகக் குலுக்கவும் செய்தார். தனியாகக் காட்டில் நின்று இதையெல்லாம் செய்கிற ஆளைப் பார்த்தபோது சஃபினாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கோ சைகை காட்டுகிறார் என்றுதான் பட்டது.

"யாரைக் கூப்பிடுறீங்க?" என்று வெளியே வந்தாள்.

பெல்கின் துள்ளி விழுந்தார். "சஃபினாஸ் அம்மா! உயிரே போயிடுச்சு. யாரையும் கூப்பிடல. மரத்தை எடுக்குறேன்."

"ஆட்டிக்கிட்டேவா?"

"ஆட்டுறதுதான் விஷயமே. படம் பதியுற நேரத்தை அரை நொடிக்கு நீட்டி வச்சுட்டு, அதுக்குள்ள கேமராவை நகர்த்துறேன். மரம் நெட்டுக்கு நிக்குது, அதனால கீழேர்ந்து மேல. கிளை, குப்பை, கம்பி வேலி எல்லாம் கரைஞ்சு போய் நிறம் மட்டும் நிக்கும். நூறு எடுத்தா ஒண்ணு தேறும்."

"நரம்பு தெரியுற மாதிரி எடுத்தா நூறும் தேறுமே."

"வாழ்க்கை முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள விளக்கடிச்சு நுணுக்கி நுணுக்கிப் பாத்துட்டேன். இனிமே எதையும் நுணுக்கிப் பாக்கப் பிடிக்கல."

நல்ல பதில்தான். நல்ல பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களைத்தான் நம்பக்கூடாது என்று சஃபினாஸ் நினைத்தாள். "இந்தப் பக்கம் வரச் சொன்னது ஹஜெரா?"

"அவங்களா? எங்க வேணா போங்க, ஊத்துக்குக் கீழ மட்டும் போகாதீங்க, ஒரே சேறு, முழங்கால்வரைக்கும் உள்ள இழுக்கும்னு சொன்னாங்க. வந்து பாத்தா தரை காஞ்சு கிடக்கு."

சஃபினாஸ் காலடியைப் பார்த்தாள். சேறு இந்தச் சரிவில் என்றைக்கும் இருந்ததில்லை.

"இங்க எடுத்த படத்தையெல்லாம் காட்டுங்க," என்றாள்.

பெல்கின் குஷியாகிவிட்டார். தோளோடு தோள் ஒட்டி நின்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். மஞ்சள் கோடு, சாம்பல் கோடு, தேன் நிறக் கோடு. பார்க்கப் பார்க்க, மழைநாளில் பஸ் ஜன்னல் வழியாகக் காடு ஓடுவது போலிருந்தது, அழகாகக்கூட இருந்தது. சஃபினாஸ் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நேத்து சாயங்காலம் எடுத்தேன்," என்று ஒன்றில் நிறுத்தினார் பெல்கின். இரண்டு மஞ்சள் மரத்தண்டுகளுக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. "இந்த நிறம் எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. ஏதாவது பூவா?"

"இந்தக் குளிர்ல என்ன பூ? அடுத்ததைக் காட்டுங்க."

அடுத்ததில் கத்தரிப்பூக் கோடு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போயிருந்தது. அதற்கடுத்ததில் ஒரு மரத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்திருந்தது. முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. ஆனால் அந்தக் கம்பளியைப் போன குளிர்காலம் முழுக்கத் தன் மடியில் போட்டுப் பின்னியவளுக்கு முகம் எதற்கு? ஹஜெருக்கு என்று பின்னிய ஸ்வெட்டர் அது.

கூடையை அங்கேயே மறந்துவிட்டு ஹஜெர் வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்ததுமே வெண்ணெய் வாசனை. அடுப்பின் மேல் கன்லிஜா பொரிந்துகொண்டிருந்தது.

"வாங்க அண்ணி, டீ ஊத்தட்டுமா?"

"நேத்து சாயங்காலம் எங்க இருந்த?"

"வேற எங்க, கடையிலதான்."

"காட்டுல இருந்த."

"யார் சொன்னது?"

"மரம் சொல்லுச்சு."

ஹஜெர் கரண்டியைக் கீழே வைத்தாள். மறுக்கப் போகிறாள் என்று சஃபினாஸ் எதிர்பார்த்தாள். ஹஜெரோ இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஆமா, இருந்தேன். சேறுன்னு சொல்லியும் அந்த டாக்டரம்மா கேக்காம அங்கேயே சுத்துறாங்களே, அதான் பாக்கப் போனேன். நீங்கதானே அவங்களை என் இடத்துக்கு அனுப்பி விட்டது?"

"உன் இடமா?"

"பின்ன? நான் போக ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எந்தப் பாவியோ எனக்கு முன்னாடி வந்து அறுத்துட்டுப் போறா. சாயங்காலம் போனா காலையில அறுத்த தண்டுதான் இருக்கு."

"எனக்குக் காலையில போனா சாயங்காலம் அறுத்த தண்டு இருக்கு," என்றாள் சஃபினாஸ் மெதுவாக.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுப்பில் காளான் தீய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"உனக்கு அதைக் காட்டுனது யாரு?"

"அண்ணன்தான். என் வீட்டுக்காரர் கால் உடைஞ்சு படுத்திருந்தாரே, அந்த வருஷம். அண்ணிகிட்ட மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்குனான். உங்களுக்கு?"

"அவனேதான். கல்யாணமான புதுசுல. ஹஜெர் காதுல விழுந்தா ஊருக்கே தெரிஞ்சிடும்னான்."

சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு வந்த துர்சுன், பூட்ஸைக் கழற்றி உள்ளே நுழைந்தான். பெண்டாட்டியும் தங்கையும் ஒரே மேசையில் அருகருகே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், சத்தமில்லாமல் திரும்பி மறுபடி பூட்ஸை மாட்டினான்.

"வண்டியில ஏதோ விட்டுட்டேன்."

"யோவ் துர்சுன், வந்து உட்கார்," என்றாள் சஃபினாஸ்.

உட்கார்ந்தான். தங்கச்சி கஷ்டப்படும்போது பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா, பெண்டாட்டியிடம் சொன்னால் விடுவாளா, ஒரே காடுதானே, அல்லா எல்லோருக்கும் சேர்த்துத்தானே முளைக்க வைக்கிறார் என்று என்னென்னவோ சொன்னான்.

"வேற யார்கிட்டயெல்லாம் சொல்லியிருக்க?"

"சத்தியமா வேற யார்கிட்டயும் இல்ல." அந்தச் சத்தியத்துக்கு முன்னால் அவன் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு பெண்களுக்குமே பிடிக்கவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு சஃபினாஸ் ஒரு தட்டு கன்லிஜாவை மாடிக்குக் கொண்டுபோய் பெல்கினிடம் கொடுத்தாள். விருந்தாளியைத் திருடி என்று நினைத்தது அவளுக்கு உறுத்தியது. "உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்," என்று சொல்லவும் செய்தாள். பெல்கின் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா! இது எங்க முளைக்குது?"

சஃபினாஸின் முகம் சட்டென்று இறுகியது. "சந்தையில வாங்குனது," என்றாள்.

அடுத்த மழைக்குப் பிறகு அண்ணியும் நாத்தனாரும் முதல் முறையாகச் சேர்ந்து காட்டுக்குப் போனார்கள். ஊற்றுப் பாதையில் திரும்பும்போது, இஸ்தான்புல் நம்பர் போட்ட கார் ஒன்று புல்லில் ஏறி நின்றது. ஓர் இளம் ஜோடி பின்கதவைத் திறந்து புத்தம்புதுக் கூடைகளை எடுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் காளான் கிடைக்குமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"காளானா? இங்கயா?" என்றாள் ஹஜெர்.

"கரடி இருக்கு," என்றாள் சஃபினாஸ்.

"குட்டி போட்ட கரடி," என்றாள் ஹஜெர்.

கார் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி திரும்பி, சாலையில் இறங்கி, வளைவைத் தாண்டும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள். அப்புறம் சஃபினாஸ், "நீ முன்னால போ," என்று நாத்தனாருக்கு வழிவிட்டாள். பின்னால் நடந்தால்தான் ஹஜெரின் கூடை தன் கண்ணில் இருக்கும்.